மாப்பிள்ளைக்கு ஒரு டூப்ளிகேட்

லாசரஸ் பிளாஸ்டிக் பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்த விதத்திலேயே ஜோசபினுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மனுசன் எங்கேயோ போய் ஏமாந்துவிட்டு வந்திருக்கிறார். ஏமாந்த நாளில்தான் அவர் முகத்தில் இப்படி ஒரு பெருமை வரும். போன வருசம் பாதி சேனல் தெரியாத டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் இதே முகம்தான்.

"திறந்து பாரு. கண்ணைக் கூசும்."

பச்சை வெல்வெட் பெட்டி. உள்ளே ஒரு குட்டித் தலையணை. தலையணையைக் கட்டிக்கொண்டு நட்சத்திரம் போட்ட சுவிஸ் வாட்ச் ஒன்று படுத்திருந்தது.

"டூப்ளிகேட்டா?"

"மெல்லப் பேசு. பிரிஜட் காதுல விழப் போகுது."

ஜோசபின் ஜூரோங்கில் ஒரு ஜப்பான்காரன் வாட்ச் கம்பெனியில் பதினாலு வருசமாகச் செக்கிங் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, வருகிற வாட்சையெல்லாம் திருப்பிப் பார்த்து, நல்லதைப் பச்சைத் தட்டிலும் பழுதைச் சிவப்புத் தட்டிலும் போடுவதுதான் வேலை. பதினாலு வருசத்தில் பழுது ஒன்று பச்சைத் தட்டுக்குப் போனதில்லை. சூப்பர்வைசரே தன் தம்பிக்கு வாங்கிய வாட்சை அவளிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். அவளைக் கட்டிய மனுசன் மட்டும் கேட்காமல் கொள்ளாமல் போய் வாட்ச் வாங்குகிறார், அதுவும் டூப்ளிகேட் வாட்ச். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இதெல்லாம் மகள் பிரிஜட்டின் நிச்சயதார்த்தத்தால் வந்த வினை. இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. பிரிஜட்டும் அமல்தாசும் கோயில் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடியவர்கள். அமல்தாசின் அப்பா இஞ்ஞாசி தலையாட்டுவதற்காக இரண்டு வருசம் காத்திருந்தார்கள். இஞ்ஞாசி லேசுப்பட்ட ஆளில்லை. பந்தியில் தன் தம்பியை முதல் வரிசையில் உட்காரவைக்கவில்லை என்று, தன் மகளுக்குப் பேசிய ஒரு சம்பந்தத்தை அந்த இடத்திலேயே முறித்துக்கொண்டு வந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு வழியாகச் சரி என்றார். சொல்லிவிட்டு, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் சம்பந்தி" என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன மனுசன், ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மூத்த மகனின் வாட்சைப் பற்றி மூன்று தடவை பேசினார். அவர்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அப்பா, சாமியார் மந்திரித்துக் கொடுக்கும் வாட்சை, சபை பார்க்க மாப்பிள்ளையின் கையில் கட்டிவிட வேண்டும். நாலு வருசத்துக்கு முன் மூத்தவன் சிலுவைராஜுக்கு அவன் மாமனார் கட்டியது நட்சத்திரம் போட்ட சுவிஸ் வாட்ச். மூன்றாவது தடவை அந்தப் பேச்சு வந்ததும் லாசரசுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அதுக்கென்ன சம்பந்தி? அதையே நாமளும் போட்டுட்டாப் போச்சு!"

அந்த வாட்சின் விலைக்கு, அவர்கள் இருக்கும் கிளமெண்டி வீட்டுக்குக் கட்டிய முன்பணத்தையே திருப்பிக் கட்டலாம். இது லிஃப்டில் இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. ஜோசபின் அன்றைக்கே சொன்னாள், கம்பெனியில் ஸ்டாஃபுக்குக் கொடுக்கும் வாட்ச் ஒன்றை எடுக்கலாம், நானே செக் பண்ணியது, இருபது வருசம் ஓடும் என்று. சொன்னதோடு நிற்காமல் வாங்கியும் வைத்துவிட்டாள். ஆனால் லாசரஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஜப்பான் வாட்சைக் கட்டினால் மானம் போய்விடுமாம். டூப்ளிகேட்டைக் கட்டினால் மட்டும் மானம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கும் போலிருக்கிறது.

"எதைப் பாத்து இதை வாங்குனீங்க?" என்றாள் ஜோசபின்.

"பெட்டியைப் பாத்தியா? வெல்வெட்!"

"மாப்பிள்ளை பெட்டியையா கையில கட்டிக்கப் போறாரு?"

வேண்டாம், தொடக்கூடாது என்றுதான் நினைத்தாள். கை கேட்டால்தானே! வாட்சை எடுத்துக் காதில் வைத்தாள். பிறகு வெளிச்சத்தில் பிடித்தாள்.

"விநாடி முள்ளைப் பாருங்க. டக், டக்குன்னு குதிக்குது. உள்ளே பேட்டரி. ஒரிஜினல், தானாவே சாவி ஏறுற வாட்ச், அதுக்குப் பேட்டரியே கிடையாது. முள்ளு வழுக்கிக்கிட்டே ஓடும். இதுகூடத் தெரியாம இவ்வளவு தூரம் போனீங்களா?"

"முள்ளை எல்லாம் யாரு பாக்கப் போறா?"

"தேதியைப் பாருங்க. ஜன்னலுக்கு நடுவுல நிக்காம ஓரமாச் சாஞ்சு நிக்குது. நட்சத்திரம் பன்னெண்டு மணிக்கு நேரா இல்ல. சங்கிலியை ஆட்டுங்க. தகர டப்பா மாதிரி சத்தம் கேக்குதா? கட்டிப் பாத்தா கையில இருக்கிறதே தெரியல. நல்ல வாட்சுக்கு ஒரு கனம் இருக்கும்."

திட்டுவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னடாவென்றால் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுப் பூசையில் கொடுத்த வாசகத் தாளின் பின்பக்கத்தில், 'முள் வழுக்கணும். தேதி நடுவில். நட்சத்திரம் நேர். சங்கிலி சத்தம். கனம்' என்று வரிசையாக எழுதி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா ஒரே தடவையில முடிச்சிருப்பேன்ல?" என்றார். தப்பு அவள் பேரில்!

அடுத்த வாரம் இரண்டாவது வாட்ச் வந்தது. முள் வழுக்கியது, தேதி நடுவில் நின்றது, நட்சத்திரமும் நேராகத்தான் இருந்தது. லாசரஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பேனாவால் டிக் போட்டார். ஜோசபின் வாட்சின் சாவிக்குமிழை இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஆற்று மணலை அரைப்பது போல் இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் மை கசிந்திருந்தது. மூன்றாவது சுற்றில் குமிழ் அவள் கையோடு வந்துவிட்டது.

"நல்லா இருந்த வாட்சைக் கெடுத்துட்டியே!" என்று கத்தினார் லாசரஸ்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் வாட்சை ஜன்னல் வழியாக வீசியிருப்பாள். ஒன்பதாவது மாடி. கீழே யார் தலையிலாவது விழும் என்று விட்டுவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து அறைக்குள்ளிருந்து பிரிஜட் பாடும் சத்தம் கேட்டது. நிச்சயதார்த்தத்துக்கு அவளும் அமல்தாசும் சேர்ந்து பாடப்போகிற பாட்டு. ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கித் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். இந்த மனுசன் விட்ட வார்த்தையை இனி அள்ள முடியாது. ஒரு மட்டமான டூப்ளிகேட்டைக் கட்டி, அதை அங்கே எவனாவது கண்டுபிடித்தால், இஞ்ஞாசி அன்றைக்கே எழுந்து போய்விடுவார். பிள்ளை உடைந்துபோவாள்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றாள். தடுக்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடை சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. முன்னால் குடை, அத்தர், கைலி, டார்ச் லைட். நெய்னா முகம்மது வெள்ளைத் தொப்பியும் மூக்குக் கண்ணாடியுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். லாசரசைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"திரும்பவுமா? அண்ணே, நான்தான் அன்னைக்கே சொன்னேனே லா. இது டூப்ளிகேட். டூப்ளிகேட்னு சொல்லித்தான் விக்கிறேன். ஒரிஜினல் மாதிரி வேணும்னு நீங்கதான் என் உசுரை வாங்குறீங்க. பொய் சொல்லி விக்கிற பழக்கம் எனக்கில்ல."

இத்தனை நாளில் ஒரு ஆள் நேர்மையாகப் பேசி ஜோசபின் கேட்டது அப்போதுதான்.

"மாப்பிள்ளைக்கா வாங்குறீங்க?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. தனக்குன்னு வாங்கிக் கட்டிக்கிறவன் வேற. ஆசைக்குக் கட்டிக்கிறான், கேட்டா சிரிச்சுக்கிட்டே சொல்லிருவான். அடுத்தவங்களுக்குக் குடுக்க வாங்காதீங்க. குடுத்த நாள்லேருந்து பயந்துக்கிட்டே இருக்கணும்."

எழுந்து போய்விட வேண்டிய நேரம் அதுதான். ஆனால் லாசரஸ் அதற்குள் கல்லாவுக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறக்கச் சொல்லிவிட்டார். துணி விரித்த தட்டில் பத்துப் பதினைந்து நட்சத்திர வாட்ச்சுகள். ஜோசபினின் கை தானாகப் பைக்குள் போய் லென்ஸை எடுத்தது. பாழாய்ப்போன கை!

ஒன்றைப் பார்த்தாள், இடது பக்கம் ஒதுக்கினாள். இன்னொன்றின் கண்ணாடிக்குள் தூசி, இடது பக்கம். அடுத்ததன் முட்களில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தது. அதன் பின்மூடியில் திறந்து மூடிய கீறல் வேறு. எட்டு வாட்ச் இடது பக்கம் போனபின் நெய்னா முகம்மது கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அக்கா, நீங்க வாங்க வந்தீங்களா, ரெய்டு பண்ண வந்தீங்களா?"

ஒன்பதாவதை அவள் வெகுநேரம் பார்த்தாள். முள் வழுக்கியது. எழுத்தின் ஓரம் சுத்தமாக இருந்தது. குமிழ் பட்டு மாதிரி சுற்றியது. சங்கிலியில் சத்தமில்லை. கனமும் இருந்தது. பின்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால் ஒழிய அவளாலேயே சொல்ல முடியாது. அதை வலது பக்கம் வைத்தாள். வைத்தபோது மனதுக்குள் ஒரு திருப்தி வந்தது. வந்த அடுத்த நிமிசமே தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பாத்தியா! நீ வந்திருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்," என்றார் லாசரஸ்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் தாளை எடுத்து, 'குமிழ். எழுத்து ஓரம்' என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்துக்கொண்டார்.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை மதியம், தமிழ்ப் பூசை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில். குவீன்ஸ்டவுனிலிருந்து இஞ்ஞாசி ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். பிரிஜட்டும் அமல்தாசும் பாடினார்கள். தடுக்கும் இடத்தைத் தடுக்காமல் தாண்டியதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஜோசபினுக்குக் கண் கலங்கியது. அவள் கைப்பையில் கம்பெனி வாட்ச் இருந்தது. ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஃபாதர் தீர்த்தச் செம்போடு வந்து நின்றார். அவருக்கு நாலு மணிக்கு ஒரு ஞானஸ்நானம் இருந்தது. லாசரஸ் வெல்வெட் பெட்டியைத் திறந்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. இஞ்ஞாசி எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம் அந்த மனுசன்!

"ஒரு நிமிசம் ஃபாதர்," என்று கையைத் தூக்கினார். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். நம்ம சம்பந்தியம்மா யாரு தெரியுமா? வாட்ச் கம்பெனியில பெரிய செக்கிங். அவங்க கண்ணுல ஒரு தூசி தப்பாது. சம்பந்தியம்மா, நீங்களே இதைச் செக் பண்ணி, அசல்னு உங்க வாயால சபைக்குச் சொல்லுங்க. டேய் சிலுவை, நீயும் உன் வாட்சைக் கழட்டிக் குடு. ரெண்டும் ஜோடின்னு எல்லாரும் கேக்கட்டும்."

சிலுவைராஜ் சிரித்துக்கொண்டே தன் வாட்சைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.

"நல்லாப் பாருங்க ஆன்ட்டி. நாலு வருசத்துல ஒரு நிமிசம் பிசகுனதில்ல. பேட்டரி மாத்துறதுக்குக்கூட ரெஜினா என்னை விடமாட்டா. அவளே எடுத்துக்கிட்டுப் போயிடுவா."

பேட்டரியா? ஜோசபின் குனிந்து பார்த்தாள். லென்ஸே வேண்டியிருக்கவில்லை. விநாடி முள் டக், டக்கென்று குதித்தது. தேதி ஓரமாகச் சாய்ந்து நின்றது. நட்சத்திரம் பன்னிரண்டு மணியைவிட்டு விலகியிருந்தது. லாசரஸ் முதலில் வாங்கி வந்தாரே, அதைவிட மட்டமான டூப்ளிகேட். இந்த மட்டமான சாமானுக்காகத்தான் அவள் வீடு மூன்று வாரமாக அடுப்பு இல்லாமலே எரிந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். சிலுவைராஜின் பின்னால் அவன் மனைவி ரெஜினா இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. உதடுகள் மட்டும் மாதாவிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணுக்குத் தெரியும். நாலு வருசமாக, புருசன் கைக்கடிகாரத்தை யாராவது உற்றுப் பார்க்கும்போதெல்லாம் அவள் இப்படித்தான் நின்றிருப்பாள். மாமனார் இஞ்ஞாசி வாட்சைப் பற்றிப் பெருமை பேசும்போதெல்லாம் சமையல்கட்டுக்குள் ஓடியிருப்பாள். ஜோசபினுக்கு நெய்னா முகம்மது சொன்னது ஞாபகம் வந்தது. ரெஜினா நின்ற இடத்தில் பிரிஜட் நிற்பது போலவும் தெரிந்தது.

"சொல்லுங்க சம்பந்தியம்மா," என்றார் இஞ்ஞாசி.

ஜோசபின் சிலுவைராஜின் வாட்சை அவன் கையிலேயே திருப்பிக் கட்டிவிட்டாள்.

"இது ஒரிஜினல் தம்பி. பத்திரமா வச்சுக்குங்க."

ரெஜினா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஜோசபின் வெல்வெட் பெட்டியை எடுத்து மூடினாள்.

"இது டூப்ளிகேட். நானே கடைக்குப் போய், எட்டைத் தள்ளிட்டு ஒன்பதாவதா பொறுக்குனேன். தப்பு என் மேல."

லாசரஸ் வாயைத் திறந்தபடி நின்றார். பிரிஜட் அம்மாவையே பார்த்தாள். இஞ்ஞாசியின் முகம் கறுத்துச் சிவந்தது.

"சபையில கூப்பிட்டு அவமானப்படுத்துறீங்களா? போலிச் சாமானை என் மகன் கையில கட்டவா வந்தீங்க? ஏய், வேனை எடுக்கச் சொல்லு!"

"கோபப்படுங்க, நியாயம்தான். ஆனா என் பொண்ணுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது." ஜோசபின் கைப்பையிலிருந்து கம்பெனி வாட்சை எடுத்தாள். பெட்டிகூட இல்லை. ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்தாள். "எங்களால முடிஞ்சது இதுதான். ஜப்பான் வாட்ச். ஒவ்வொரு திருகையும் நான் பாத்திருக்கேன். இது பொய் சொல்லாது."

ஃபாதர்தான் முதலில் பொறுமை இழந்தார்.

"இஞ்ஞாசி, நான் எதையாவது மந்திரிக்கணுமா வேணாமா? அங்க ஒரு பிள்ளை ஞானஸ்நானத்துக்கு அழுதுக்கிட்டு இருக்கு."

அமல்தாஸ் எழுந்தான். அப்பாவைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, மணிக்கட்டை லாசரஸ் முன்னால் நீட்டினான்.

"கட்டுங்க மாமா."

இஞ்ஞாசி வாசல்வரை போனார். வேன் டிரைவர் அதற்குள் பிரியாணி வரிசையில் நின்றுவிட்டதால் திரும்பி வந்தார். வந்து முதல் நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். லாசரஸ் கட்டிவிட்டார்.

சாப்பிடும்போது இஞ்ஞாசிக்குத் தெம்பு திரும்பிவிட்டது. எல்லார் காதிலும் விழும்படி பேசினார்.

"என் மூத்த சம்பந்தியைச் சொல்லணும். வார்த்தைன்னா வார்த்தை! அசல் வாட்ச் போட்டாரு. அதுக்கு இந்தச் சம்பந்தியம்மாவே சாட்சி. எல்லாருக்கும் அந்த மனசு வராது லா."

ஜோசபின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இனி ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும், ஈஸ்டருக்கும், பிறக்கப்போகிற பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் இதைக் கேட்டாக வேண்டும். எதிரே லாசரஸ் திடீரென்று சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சிலுவைராஜின் கையை உற்றுப் பார்த்தார். புருவம் சுருங்கியது. கை சட்டைப் பையிலிருந்த தாளைத் தடவியது.

"தம்பி, இந்த முள்ளு என்ன இப்படிக் குதி—"

ஜோசபின் மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தாள். லாசரசுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ரெஜினா பண்டுங் ரோஸ் பால் ஜாடியோடு வந்தாள். ஜோசபினின் கிளாசில் ஊற்றினாள். நிரம்பி மேசைத் துணியில் வழிகிறவரை நிறுத்தவில்லை. போகும்போது ஜோசபினின் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பிரிஜட் முன் இருக்கையில் தூங்கிவிட்டாள். லாசரஸ் தாளை விரித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"முள்ளு குதிக்குது. தேதி ஓரமா நிக்குது. நட்சத்திரமும் நேரா இல்ல," என்றார் மெதுவாக. "அது டூப்ளிகேட்தானே ஜோசபின்?"

"ஒரிஜினல்."

"நீயா சொல்ற? பழுதை நல்லதுன்னு நீ எப்பவாவது சொல்லியிருக்கியா?"

ஜோசபின் அவர் மடியிலிருந்த தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் கைப்பையில் போட்டு மூடினாள்.

"இனிமே யார் கையில இருக்கிற வாட்சையும் நீங்க பாக்கக் கூடாது," என்றாள். "மணி தெரியணும்னா என்னைக் கேளுங்க."